டஸ்ட் கலெக்டருக்கு எந்த சுவிட்ச்? சிறு தச்சுப் பட்டறைக்குக் கட்டுப்படியாகும் வழிகள்

வேம்பும் மாவும் வாகையும் அறுத்த காலத்தில் தூள் காலடியில் விழுந்தது. சாயங்காலம் கூட்டி மூட்டை கட்டினால் முடிந்தது. இன்று கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பட்டறைகளில் அலமாரிக்கும் சமையலறை கேபினெட்டுக்கும் அறுபடுவது பெரும்பாலும் பிளைவுட், எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை). அதிலிருந்து வருவது மாவு. அது கீழே விழாமல் மிதக்கும், மூச்சோடு உள்ளே போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் 1995-லேயே சேர்த்துவிட்டது. இதெல்லாம் தெரிந்துதான் பலரும் தூளை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் 2 ஹெச்.பி. டஸ்ட் கலெக்டர் ஒன்றை வாங்கி மூலையில் நிறுத்துகிறார்கள்.

மெஷின் ஒரு மூலையில், ரம்பம் எதிர் மூலையில். ஒரே ஒரு வெட்டுக்காக இருபதடி நடந்து போய் சுவிட்சைப் போட யாருக்கும் மனம் வராது. அந்த ஒரு வெட்டு ஒரு நாளைக்கு நாற்பது தடவை நடக்கும். ஆகவே கைக்கெட்டும் இடத்தில் சுவிட்ச் இல்லாத டஸ்ட் கலெக்டர் பாதி நேரம் சும்மாதான் நிற்கும். எந்த வழியில் அதைக் கைக்கெட்டச் செய்வது, எவ்வளவு செலவாகும், எது எங்கே கெடும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் மோட்டார் என்ன கேட்கிறது

2 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும்போது அதைப் போல ஐந்தாறு மடங்கு, அதாவது 50 முதல் 60 ஆம்பியர். தண்ணீர் மோட்டார் சட்டென்று வேகம் பிடித்துவிடும். டஸ்ட் கலெக்டரின் உள்ளே சுற்றும் இம்பெல்லர் (காற்றை இழுக்கும் விசிறி) கனமான இரும்பு என்பதால் முழு வேகம் பிடிக்கச் சில விநாடி ஆகும். அந்த விநாடிகள் முழுக்க சுவிட்சின் முனைகள் அந்தப் பெரிய கரண்டைத் தாங்க வேண்டும். பிளக்கிலும் ரிலேயிலும் (சிறு கரண்டால் இயங்கும் காந்த சுவிட்ச்) ‘16 ஆம்பியர்’, ‘30 ஆம்பியர்’ என்று அச்சிட்டிருப்பது ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் போன்ற சுமைக்கான கணக்கு. மோட்டாருக்கு அது பொருந்தாது. மோட்டாரைத் தாங்கும் அளவு, மோட்டாருக்கான பெரிய காந்த சுவிட்சான கான்டாக்டரின் பக்கவாட்டில் ‘ஏ.சி.-3’ என்ற வரிக்கு எதிரே இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சிங்கிள் ஃபேஸ் 2 ஹெச்.பி.க்கு ஏ.சி.-3-இல் 12 ஆம்பியர் போதும், 18 இருந்தால் நிம்மதி.

இதோடு நம் பக்கத்து லோ வோல்டேஜும் சேர்ந்துகொள்ளும். ஊருக்கு வெளியே, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியிருக்கும் பட்டறையில் எல்லோரும் பம்ப்செட் போடும் நேரத்தில் 205 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் செய்த 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மோட்டாரைச் செருகினால், கிளம்பும் நேரத்தில் ஒயரிலேயே ஏறக்குறைய 30 வோல்ட் போய்விடும். மோட்டாருக்குக் கிடைப்பது 175. வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் சுழற்றும் விசை அதன் வர்க்கத்தில் குறையும் என்பதால் 175 வோல்ட்டில் அது பாதியைச் சற்றுத்தான் தாண்டும். மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், கெப்பாசிட்டர் சூடேறி வீங்கும், கடைசியில் பழி சுவிட்ச் மேல் விழும். சுவிட்சைப் பற்றி யோசிக்கும் முன்பே மெயின் போர்டிலிருந்து மோட்டார் வரை தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுங்கள். 3 ஹெச்.பி. என்றால் 4. எம்.சி.பி. (கரண்ட் மிகுந்தால் தானாக விழும் சுவிட்ச்) ‘சி’ வகையில் 16 அல்லது 20 ஆம்பியர். கிளம்பும்போதெல்லாம் விழுந்தால் ‘டி’ வகைக்கு மாற்றலாம். ஆம்பியரை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ஒயருக்குப் பாதுகாப்பு இல்லாமல் போகும்.

சுவரில் இருக்கும் சுவிட்ச்

ஏ.சி., கீசருக்குப் போடும், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் 32 ஆம்பியர் டி.பி. சுவிட்ச் 200 முதல் 400 ரூபாய்க்குள் கிடைக்கும். எல்லாவற்றிலும் மலிவு இதுதான். ஒரு ஹெச்.பி. மெஷினுக்கு, ஒரே ரம்பத்துக்குப் பக்கத்திலேயே வைத்தால் சில வருடம் ஓடும். 2 ஹெச்.பி.க்கு இதைப் பரிந்துரைக்க முடியாது. முனைகள் தீய்வது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கரண்ட் கட்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக லைன் நிறுத்தும் நாள் எல்லோருக்கும் தெரியும். திடீரென்று பத்து நிமிடம் போய் வருவதும் தெரியும். கரண்ட் போனதும் ஆள் சும்மா இருக்கமாட்டார், ‘இந்த நேரத்தில் பையைக் கழற்றித் தட்டிவிடலாம்’ என்று கையை உள்ளே விடுவார். சுவிட்ச் ஆன் நிலையிலேயே கிடந்தால் கரண்ட் வந்த நொடி இம்பெல்லர் சுற்றத் தொடங்கிவிடும். கரண்ட் போனால் தானாக விழுந்து, யாராவது மறுபடி அழுத்தினால் மட்டுமே கிளம்பும் அமைப்பு வேண்டும். இந்த ஒரு குணம் இல்லாத எந்த வழியும், எவ்வளவு மலிவானாலும், நம் பக்கத்துக்கு ஏற்றதில்லை.

டி.ஓ.எல். ஸ்டார்ட்டர், அதோடு கூடுதல் பட்டன்கள்

அந்தக் குணம் பிறவியிலேயே உள்ளது கிணற்று மோட்டாருக்குப் போடும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர். பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். பழுது பார்க்கத் தெரிந்தவரும் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. விலை சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய். உள்ளே கான்டாக்டரும், மோட்டார் அளவுக்கு மீறி இழுத்தால் விழும் ஓவர்லோடு ரிலேயும் இருக்கும். பச்சைப் பட்டனை அழுத்தினால் கான்டாக்டரின் காந்தச் சுருளான காயில் இழுக்கும், கான்டாக்டரின் துணை முனை அதைப் பிடித்துவைக்கும். கரண்ட் போனால் பிடி விடும்.

பலருக்குத் தோன்றாத விஷயம், ஸ்டார்ட்டர் ஒன்றே ஒன்றாக இருந்தாலும் பட்டன்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது. பச்சை-சிவப்பு இரண்டும் உள்ள சிறு பட்டன் பெட்டி 250 முதல் 400 ரூபாய். ரம்பத்துக்கு ஒன்று, இழைப்பு மெஷினுக்கு ஒன்று, ரௌட்டர் மேசைக்கு ஒன்று என்று வைத்துவிடலாம். இணைப்பு விதி எளிது. சிவப்புப் பட்டன்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில், பச்சைப் பட்டன்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இணையாக. ஃபேஸ் முதலில் 2 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றைத் தாண்டி ஓவர்லோடு ரிலேயின் 95-96 முனைகள் வழியே போகும். பிறகு எல்லாச் சிவப்புகளையும் கடந்து, பச்சைகளின் வழியே காயிலின் ஏ1 முனைக்கு வரும். ஏ2 நியூட்ரலில். கான்டாக்டரின் 13-14 முனை பச்சைகளுக்கு இணையாக நிற்கும். சிவப்பு வரிசையில் எங்காவது ஒயர் அறுந்தால் மெஷின் நின்றுவிடும். தவறு நேர்ந்தாலும் நல்ல பக்கமாக நேரும் இணைப்பு இது.

பட்டனுக்குப் போகும் ஒயரில் காயிலின் சிறு கரண்ட் மட்டுமே ஓடுவதால் 1 சதுர மில்லிமீட்டர் தாராளம். மூன்று இடத்துக்குப் பட்டன் வைத்து 30 மீட்டர் ஒயரும் இழுத்தால், ஸ்டார்ட்டர் உட்பட நாலாயிரத்து ஐந்நூறுக்குள் முடியும். பேட்டரி, ஆப், சிக்னல் எதுவும் தேவையில்லை. சுவரில் பி.வி.சி. பைப் அடித்து ஒயர் கொண்டுபோக ஒரு நாள் வேலை. பட்டறை அடிக்கடி இடம் மாறாது என்றால் இதைவிட நல்ல வழி இல்லை.

செய்யும்போது இரண்டு இடத்தில் தவறு வரும். முதலாவது, த்ரீ ஃபேஸ் ஸ்டார்ட்டர்களில் காயில் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கானது. அதை அப்படியே வைத்துப் பட்டன் பெட்டிகளுக்கு ஒயர் இழுத்தால் பட்டறை முழுக்க இரண்டு ஃபேஸ் ஓடும். 230 வோல்ட் காயிலாக மாற்றி, நியூட்ரல் கொண்டுவந்து பிறகு இழுங்கள். இரண்டாவது, மூன்று முனை ஓவர்லோடு ரிலேயை சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குப் போடும்போது ஒரு முனையில் மட்டும் ஒயர் விட்டால், ஒரு ஃபேஸ் போய்விட்டது என்று நினைத்து ரிலே காரணமின்றி விழலாம். கரண்ட் மூன்று முனை வழியாகவும் தொடராகப் போய்வரும்படி சுற்றி இணைக்க வேண்டும். ரிலேயின் திருகை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள். விழுகிறதே என்று கூட்டி வைப்பது மோட்டார் காயிலைக் கருக்கும் வழி.

ஓவர்லோடு அடிக்கடி விழுந்தால் குழாயையும் பாருங்கள். குழாய் அடைத்தால் மோட்டார் திணறும் என்பதுதான் பொதுவான எண்ணம். உண்மை தலைகீழ். காற்று குறைந்தால் ஆம்பியர் குறையும். குழாயைக் கழற்றி வாயைத் திறந்துவிட்டு ஓட்டினால்தான் காற்று அளவுக்கு மீறிப் பாய்ந்து ஆம்பியர் ஏறும்.

ரிமோட்

433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் சுவிட்ச் இணையத்தில் 500 முதல் 1,000 ரூபாய்க்குக் கிடைக்கும். பெங்களூரு எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போகிறவர்கள் கையில் பார்த்தே வாங்கலாம். சாவிக்கொத்து அளவு ரிமோட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு எங்கிருந்தும் அழுத்தலாம். இழுத்துப்போகும் மெஷின்கள் உள்ள பட்டறைக்கு, வாடகை இடத்துக்கு இது மிகவும் ஏற்றது.

ஆனால் பெரும்பாலோர் செய்வதுபோல ‘30 ஆம்பியர்’ ரிலேயில் நேராக மோட்டாரை இணைக்காதீர்கள். சில மாதத்தில் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ரிமோட்டில் ஆஃப் அழுத்தினாலும் மெஷின் நிற்காது. சரியான முறை, ஸ்டார்ட்டரை அப்படியே வைத்துவிட்டு, இரண்டு சேனல் உள்ள ரிமோட் மாட்யூலை வாங்கி இரண்டு சேனலையும் ‘அழுத்தும் வரை மட்டும்’ என்ற நிலையில் அமைப்பது. முதல் சேனலின் என்.ஓ. (சும்மா இருக்கும்போது திறந்திருக்கும்) முனையைப் பச்சைப் பட்டனுக்கு இணையாகக் கொடுங்கள். இரண்டாவதின் என்.சி. (சும்மா இருக்கும்போது மூடியிருக்கும்) முனையைச் சிவப்பு வரிசையில் தொடராகச் சேருங்கள். இப்போது ரிமோட் என்பது கையில் எடுத்துப்போகும் இன்னொரு பட்டன் பெட்டிதான். கரண்ட் போனால் கான்டாக்டர் விழும். ரிமோட் தொலைந்தாலும் பேட்டரி தீர்ந்தாலும் ஸ்டார்ட்டரின் பட்டன் வேலை செய்யும். எந்த நிலையில் அமைப்பது என்பது மாட்யூலில் உள்ள சிறு பட்டனை எத்தனை தடவை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. அது மாட்யூலுக்கு மாட்யூல் மாறும் என்பதால் கூட வரும் தாளைத் தூக்கி எறியாதீர்கள்.

மாட்யூலை இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடினால் சிக்னல் பிடிக்காது. பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள், அல்லது ஆன்டெனா ஒயரை வெளியே விடுங்கள். அதன் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சுருட்டி உள்ளே தள்ளிவிட்டால் தூரம் குறையும். பெட்டி ரப்பர் வாஷர் உள்ள மூடியோடு இருக்கட்டும். திறந்த சர்க்யூட் போர்டில் மாவுத்தூள் படிந்து மழைக்காலத்தில் ஈரம் சேர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

வை-ஃபை பிளக்

16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் 800 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. கையெல்லாம் தூளோடு போனை எடுத்து, பூட்டைத் திறந்து, ஆப்பைத் தேடி அழுத்துவதற்குள் வெட்டே முடிந்துவிடும். உள்ளே இருப்பதும் அதே சிறு ரிலேதான். பட்டறைக்கு வேண்டாம். 1,200 வாட் வாக்குவம் கிளீனர் அளவுக்கு வேண்டுமானால் பயன்படுத்தலாம். அப்போதும் கரண்ட் திரும்பி வந்தால் ஆஃப் நிலையில் இருக்கும்படி ஆப்பில் மாற்றி வையுங்கள்.

ரம்பத்தைப் போட்டால் தானாகவே கிளம்புவது

ரம்பத்துக்குப் போகும் கரண்டை ஒரு சென்சார் உணர்ந்து டஸ்ட் கலெக்டரை இழுத்துவிடும். மறதிக்கே இடமில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் இதற்கென்று தயார் பெட்டிகள் வருகின்றன. அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் பெட்டியை வரவழைத்து நம் லைனில் செருகினால் புகைதான் வரும். இங்கே தனித்தனியாக வாங்கிச் சேர்க்கலாம். கரண்ட் சென்சிங் சுவிட்ச் 400 முதல் 900, சற்றுத் தாமதித்து அணைக்கும் ஆஃப்-டிலே டைமர் 900 முதல் 1,500. ஸ்டார்ட்டருக்குப் பதில் கான்டாக்டரும் ஓவர்லோடு ரிலேயும் போட்டால் மொத்தம் நாலாயிரம் வரை ஆகும்.

சென்சாரின் ஓட்டைக்குள் ஃபேஸ் ஒயர் ஒன்று மட்டுமே போக வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து விட்டால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும், சென்சார் எதையும் உணராது. ‘சென்சார் கெட்டுவிட்டது’ என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலர் கேபிளை அப்படியே நுழைத்தவர்கள். சிறிய ரௌட்டரை உணரவில்லை என்றால் ஃபேஸ் ஒயரை ஓட்டை வழியே இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், உணர்வு இரட்டிப்பாகும்.

டைமரை எத்தனை விநாடிக்கு வைப்பது? ரம்பம் நின்ற பிறகும் பிளேடு சுழன்று ஓயும், குழாயில் சீவல் மிச்சமிருக்கும். அதற்குப் பத்து விநாடி போதும். ஆனால் ஒரு வெட்டு, பத்து விநாடி அளவெடுப்பு, மறு வெட்டு என்று போகும் வேலையில் டஸ்ட் கலெக்டர் நிமிடத்துக்கு இரண்டு தடவை கிளம்பும். ஒவ்வொரு கிளம்பலும் மோட்டார் காயிலைச் சூடாக்கும், சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் உள்ளிருந்து, வேகம் பிடித்ததும் கிளம்பும் சுற்றைத் துண்டிக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சையும் தேய்க்கும். மணிக்குப் பத்துத் தடவைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஆகவே டைமரை இரண்டு மூன்று நிமிடத்துக்கு வையுங்கள். சத்தம் கூடும், மின்சாரம் கொஞ்சம் போகும். மோட்டார் ரீவைண்டிங் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. ரம்பமும் டஸ்ட் கலெக்டரும் ஒரே ஃபேஸில் இருந்தால் இரண்டும் ஒரே நொடியில் கிளம்பாதபடி இரண்டு விநாடி தாமதித்துப் போடும் ஆன்-டிலேயும் தேவைப்படும். இரண்டையும் செய்யும் மல்டி-ஃபங்ஷன் டைமர் இருக்கிறது.

தானாகக் கிளம்பும் எதற்கும் ஓர் ஆபத்து உண்டு. ஒருவர் இம்பெல்லரில் சிக்கிய துண்டை எடுத்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் அங்கே ரம்பத்தைப் போடுவார். டஸ்ட் கலெக்டரின் பக்கத்திலேயே பூட்டுப் போடக்கூடிய ஐசோலேட்டர் (கரண்டை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று கட்டாயம் வேண்டும். ரம்பத்துக்கும் ஸ்டார்ட்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் ரம்பம் சுற்றும், அதைப் பின்தொடர்ந்து இதுவும் சுற்றும்.

கேட்டைத் திறந்தால் கிளம்புவது

ஒரே குழாயிலிருந்து நாலைந்து மெஷின்களுக்குக் கிளை பிரித்திருந்தால், ஒவ்வொரு கிளையிலும் இழுத்து மூடும் கேட் இருக்கும். வேலை செய்யும் மெஷினின் கேட்டை எப்படியும் திறந்தாக வேண்டும். அந்த அசைவே சுவிட்சைப் போட்டுவிட்டால்? கேட்டுக்கு ஒரு உருளை முனை மைக்ரோ சுவிட்ச், ஒன்று 40 முதல் 100 ரூபாய். எல்லாவற்றையும் இணையாக இணைத்து, 24 வோல்ட் சப்ளையில் ஒரு சிறு ரிலேயை இயக்கி, அந்த ரிலே கான்டாக்டர் காயிலை இழுக்கும்படி செய்யலாம். நாலு கேட்டுக்கு, கான்டாக்டர் நீங்கலாக, ஆயிரத்துச் சொச்சம்.

கைத்திறன் உள்ள ஆசாரிக்கு மனம் நிறைக்கும் வழி இது. கெடுவதும் ஒரே இடத்தில்தான். கேட் ஓடும் காடியின் அடியில் தூள் அடைந்து கேட் முழுதாக மூடாது, சுவிட்ச் விடாது, மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். காடியின் அடிமுனையை மூடாமல் திறந்தே விட்டால் ஒவ்வொரு தடவையும் கேட்டே தூளை வெளியே தள்ளிவிடும். கேட் திறந்திருக்கும்போது கரண்ட் போய் வந்தால் இதுவும் தானே கிளம்பும். அதைத் தடுக்க, ஸ்டார்ட்டரின் பச்சையை ஒருமுறை அழுத்தினால்தான் 24 வோல்ட் சப்ளைக்கே கரண்ட் போகும்படி இன்னொரு பிடிப்பு ரிலே சேர்க்க வேண்டும். அந்த ரிலே இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

எந்தப் பட்டறைக்கு எது

இரண்டு மூன்று நிலையான மெஷின், சொந்த இடம் என்றால் ஸ்டார்ட்டரும் பட்டன் பெட்டிகளும். வாடகை இடம், அல்லது மேசைகள் நகரும் பட்டறை என்றால் அதே ஸ்டார்ட்டரில் ரிமோட் மாட்யூல். வேலைக்குப் புதுப் பையன்கள் வந்து போகும் இடம், டஸ்ட் கலெக்டரைப் போடச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன இடம் என்றால் கரண்ட் சென்சார். பணம் இப்போது ஸ்டார்ட்டருக்கு மட்டும்தான் இருக்கிறதா? அதை மட்டும் முதலில் வாங்கி, அதிகம் ஓடும் ரம்பத்தின் பக்கத்தில் மாட்டுங்கள். மற்ற எல்லா வழிகளும் பிறகு அதன் காயிலோடு வந்து சேர்ந்துகொள்ளும், வாங்கியது வீணாகாது. எல்லா மெயின் இணைப்பையும் உரிமம் பெற்ற ஒயர்மேன் செய்யட்டும், எர்த் மோட்டார் உடலில் நேராக இருக்கட்டும்.

மாட்டிய பிறகு வரும் தொல்லைகள்

கான்டாக்டர் ‘ர்ர்ர்’ என்று உறுமினால் இரண்டில் ஒன்று. காந்த முகப்புகளுக்கு இடையே மரத்தூள் புகுந்திருக்கும். மெயினை அணைத்து, கழற்றி, உலர்ந்த பிரஷால் துடைத்தால் நின்றுவிடும். இல்லாவிட்டால் வோல்டேஜ் குறைவு. 230 வோல்ட் காயில் உறுதியாக இழுக்க சுமார் 195 வோல்ட்டாவது வேண்டும். அதற்குக் கீழே அது படபடவென்று அடித்து முனைகளைத் தீய்த்துவிடும். மீட்டர் வைத்து, மோட்டார் கிளம்பும் அதே நொடியில் காயிலின் ஏ1-ஏ2-வில் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது அளந்தால் உண்மை தெரியாது.

த்ரீ ஃபேஸ் பட்டறையில் ஒரு நாள் காலை மெஷின் ஓடும், ஆனால் உறிஞ்சல் பாதிதான் இருக்கும். பையைத் தட்டி, குழாயைக் குடைந்து பார்த்தும் தேறாது. லைன் வேலைக்குப் பிறகு இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருந்தால் இம்பெல்லர் எதிர்ப்பக்கம் சுற்றும். அப்போதும் அது அதே திசையில்தான் காற்றை இழுக்கும், பலவீனமாக. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மோட்டாரை அணைத்துவிட்டு அது ஓயும்போது பின்பக்கக் கூலிங் ஃபேனை, உடலில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் மெயினை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் பக்கத்தில் ஏதேனும் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் போதும். அன்றைக்கே ரம்பம், இழைப்பு மெஷின் எல்லாவற்றின் சுழற்சியையும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.